தறியில் சுருண்டிருந்த அக்காவின் துணி

தறியைச் செய்து கொடுத்த தம்பிக்கே நெய்த துணியைக் காட்டாத அக்காவை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? தச்சருக்கு இந்த ஆற்றாமை ஆறு வருடமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பழைய கட்டிலை அறுத்து, இழைத்து, மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை வைத்து, ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும்படி அதைச் செய்தவர் அவர்தான்.

அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவர். ஓய்வு பெற்ற மறு வாரமே, சுவரில் மாட்டுகிற சித்திரத் துணி நெய்யப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"உனக்கு ஏன்டா வயிறு எரியுது? கட்டையை ஒழுங்கா இழை."

அந்த நெசவில் நெய்கிறவர் துணியின் பின்பக்கம் உட்கார வேண்டும். முன்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். நெய்து முடித்த பகுதி கீழ் உருளையில் சுருண்டுகொண்டே போகும். ஆகவே தச்சர் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது முடிச்சும் தொங்குகிற நூல் வாலும்தான்.

"என்னக்கா இது, காக்கா கூடு மாதிரி?"

"முதுகைப் பார்த்துட்டு மூஞ்சியைப் பத்திப் பேசாதே."

"அப்போ அவிழ்த்துக் காட்டேன்."

"அவிழ்த்தா இழுத்துக் கட்டின பாவு நூல் தளர்ந்துடும். நானே இன்னும் முழுசா பார்க்கலை. போடா, போய்ப் பொழப்பைப் பாரு."

முறைத்துக்கொண்டு வந்துவிடுவார். அடுத்த வாரம் மறுபடி போய் நிற்பார்.

இந்த வருடம் ஒரு காலையில் பக்கவாதம் வந்து அக்காவின் வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் போகாமல் தப்பியது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறியில் மேலே ஒரு சாண் பாக்கி.

"வேற யாரையாவது வச்சு முடிச்சிடலாம்க்கா."

"வேற கை பட்டா வேற துணி ஆயிடும். இப்படியே அறுத்துடு. ஒரே ஒரு தடவை நான் முழுசா பார்க்கணும்டா."

எத்தனையோ உத்தரங்களை அறுத்த கையில் தச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். அக்கா சொல்லச் சொல்ல, பாவு நூலை நான்கு நான்காக அறுத்து முடிச்சுப் போட்டார். அரை நாள் போயிற்று. அந்த முடிச்சுகளை ஒரு சட்டத்தில் கட்டி, அக்காவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். துணி கீழே உருண்டு விரிந்தது.

கொடியில் காயும் ஒரே ஒரு விரிப்பு, காற்றில் புடைத்து நின்றது. பின்னால் மழைக்கு முந்தின வானம். அது பாதியில் முடிந்து, அதற்கு மேல் வெறும் பாவு நூல். விரிப்பு பளீரென்று வெளுத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் வெள்ளை நூல் ஒன்றுகூட இல்லை. சாம்பல், வெளிர் நீலம், மங்கின மஞ்சள், வெங்காயத் தோல் நிறம். இத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டு, தள்ளிப் போனால் வெள்ளையாகிவிட்டன. ஓரத்தில் ஒரு மடிப்பு தெரிந்தது. சுருட்டி வைத்ததில் விழுந்திருக்கும் என்று நீவிவிட்டார். போகவில்லை. எச்சில் தொட்டு அழுத்தி நீவினார். விரலுக்கு மடிப்பே தட்டவில்லை, வழவழவென்று சமமாக இருந்தது. மடிப்பையும் அதன் நிழலையும் அக்கா நூலிலேயே நெய்திருந்தார்.

"அடிப்பாவி!" என்றார் தச்சர்.

மறுபடி தடவினார். மூக்கு துணியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை.

அக்கா அவரிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அப்போதுதான்.

"தள்ளி நில்லுடா, மறைக்கிறே."