பேரனைத் திட்டிய சத்தமும் சுதர்ஷினியின் இன்டர்வியூவும்

எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல வாய் வரும். மற்றதைக் கெடுக்கப் பார்த்ததும் அவனும் நானும்தான்.

கதை என் சின்ன மகள் சுதர்ஷினியைப் பற்றியது. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து கேம்பஸ் போன முதல் பிள்ளை அவள். இன்னும் முதல் வருடம் முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் படிப்பு என்றால் நடைதான். வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே சத்தம் போட்டு வரிக்கு வரி பாடமாக்குவாள். அவள் ஏ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு வேலுசாமி, ரப்பர் பால் வெட்டும்போது பொருளியல் பாடத்தை முணுமுணுக்கிறான் என்று அவன் பெண்சாதி எங்களிடம் சண்டைக்கு வந்தாள்.

கேம்பஸுக்குப் போன உடனேயே சொல்லிவிட்டார்களாம். பாடமாக்காதீர்கள், விளங்கிப் படியுங்கள், சொந்த வார்த்தையில் குறிப்பு எழுதுங்கள், கேள்வி கேளுங்கள் என்று. சுதர்ஷினி அதை அப்படியே எழுதி எடுத்து வந்து, வாசலில் நடந்து, அதையும் பாடமாக்கினாள்.

இந்த லீவில் அவளுக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. போனிலேயே முகம் பார்த்துப் பேசுகிற இன்டர்வியூ. இங்கிலீஷில் பேச வேண்டும். பாஸானால் ஒரு ஹோட்டல் கம்பனி ஆபீசில் பயிற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான். "அப்பா, இது கெடைச்சா படிப்பு முடிய வேல தேடி அலைய வேணாம்" என்று சொல்லும்போதே அவள் கண் பளபளத்தது. அவள் எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பதில்களையெல்லாம் எழுதிப் பாடமாக்கிவிட்டாள். ஒரே தொல்லை, நடுவில் யாராவது தும்மினால் போச்சு. மறுபடியும் "குட் மார்னிங்"கிலிருந்து தொடங்குவாள்.

இன்னொரு தொல்லை அவள் அம்மா அழகம்மா. "நான் கெட்டிக்காரி, நான் உழைப்பாளி" என்று இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்கு அர்த்தம் என்ன என்று சுதர்ஷினி சொன்னாளோ இல்லையோ, அழகம்மா உப்பும் மிளகாயும் எடுத்து வந்துவிட்டாள்.

"பச்சப்புள்ள இருக்குற வீடு. உன்னைய நீயே புகழ்ந்துக்கிறியே, கண்ணு பட்டா என்னாடி செய்வ?"

"அம்மா, இன்டவியூல அப்படித்தாம்மா சொல்லணும்!"

"அப்ப அவுங்களயும் வரச் சொல்லு. சேர்த்துச் சுத்திப் போட்டுர்றேன்."

எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளையை அழகு என்று யாரும் சொல்லமாட்டோம். கண் பட்டுவிடும். திட்டித்தான் கொஞ்ச வேண்டும். எவ்வளவு பிரியமோ அவ்வளவு திட்டு. பெரிய மகள் கிருஷ்ணகுமாரி பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் திட்டாத திட்டு இல்லை.

இன்டர்வியூ நாள் வந்தது. எங்கள் காம்பராவில் ஜன்னலடியில் மட்டும்தான் கவரேஜ் வரும். காற்றும் அங்கே மட்டும்தான் வரும் என்பதால் பேரனின் சேலைத் தொட்டிலும் அங்கேதான் தொங்கியது. ஆட்டாவிட்டால் கத்துவான். அதனால் சுதர்ஷினி ஒரு பக்கம், தொட்டில் ஒரு பக்கம், நடுவில் நான்.

"அப்பா, தொட்டில மட்டும் ஆட்டுங்க. வாயத் தொறந்தீங்கன்னா பாருங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி.

போனில் இரண்டு பேர் தெரிந்தார்கள். கேம்பஸில் படிப்பிக்கிற ஹபீஸா மிஸ் ஒருவர். மற்றவர் கம்பனியிலிருந்து வந்த சிங்கள ஐயா, சுதர்ஷினிக்கு அவர் "சேர்"; தலை பளபளவென்று வழுக்கை. சுதர்ஷினி "குட் மார்னிங்" சொல்லித் தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து என் பேரன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். முதல் சிரிப்பு! நான் என்ன கல்லா?

"அடச்சீ, மூஞ்சியப் பாரு! தலையில ஒரு முடி இல்ல, இளிப்பு வேற! சோம்பேறிப் பயலே, நீயெல்லாம் ஒரு ஆளா?"

சுதர்ஷினி பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். ஹபீஸா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். சேர் மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"மட்ட தெமள தேரெனவா" என்றார் சிங்களத்தில். தனக்குத் தமிழ் விளங்கும் என்று அர்த்தம்.

நான் தொட்டிலை இன்னும் வேகமாக ஆட்டினேன். சுதர்ஷினி "குட் மார்னிங்" என்றாள். பிறகு இன்னொரு "குட் மார்னிங்". மூன்றாவதும் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பாடமாக்கியதெல்லாம் போய்விட்டது.

திடீரென்று போனைத் தூக்கித் தொட்டிலுக்குள் காட்டினாள்.

"சேர், எங்கப்பா திட்டினது இவனத்தான்!" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். எனக்குப் பாதிதான் விளங்கியது, மீதியைக் கிருஷ்ணகுமாரி பிறகு சொன்னாள். எங்கள் வழக்கத்தையெல்லாம் விவரமாகச் சொன்னாளாம். வேலுசாமி, பிள்ளையைப் பார்க்க வந்து "ராசா மாதிரி இருக்கான்" என்று உளறியதையும், அம்மா அவனை வாசலில் நிறுத்தி மூன்று தரம் துப்ப வைத்ததையும் சொன்னாளாம். அழகம்மா மிளகாய் சுற்றுவதைக் கையாலேயே செய்து காட்டினாள். அது எனக்கே விளங்கியது. தப்பும் தவறுமான இங்கிலீஷ்தானாம், ஆனால் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

சேர் கேட்டாராம், "நீ பொறந்தப்ப என்ன சொன்னாங்க?"

"லயமே சேர்ந்து என்னைக் குரங்குன்னு சொல்லிச்சாம் சேர். அப்ப நான் ரொம்ப அழகா இருந்திருக்கணும்."

சேர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "சரி, உன்கிட்ட என்ன திறமை இருக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இவ்வளவு நேரம் பாடமாக்காம பேசிக்கிட்டிருக்கேன் சேர். இப்படி முடியும்னு எனக்கே தெரியாது."

ஹபீஸா மிஸ்ஸும் சேரும் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். பிறகு மிஸ் தமிழிலேயே சொன்னார். "சுதர்ஷினி, திங்கட்கிழம ஆபீசுக்கு வாங்க. எழுதி வெச்சுப் பாடமாக்கினத மட்டும் கொண்டு வராதீங்க."

அவ்வளவுதான், என் மகள் போனை ஜன்னலில் சாய்த்துவிட்டுக் குதித்தாள். கிருஷ்ணகுமாரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்த அழகம்மா, விஷயம் என்னவென்று கேட்காமலே குதித்தாள். நான் தொட்டிலை விட்டுவிட்டு நடுக்காம்பராவில் இரண்டு சுற்று ஆடினேன். இடுப்பில் சாரம் நின்றதே பெரிய காரியம்.

"சுதர்ஷினி," என்றது ஜன்னலில் இருந்து ஹபீஸா மிஸ்ஸின் குரல், "நாங்க இன்னும் போகல்ல. அந்தச் சிவப்பு பட்டனை அமத்துங்க."

"அவசரமில்ல," என்றார் சேர், நல்ல தமிழில். "ஆடி முடிக்கட்டும்."