ராஜலிங்கத்தின் மகளுக்குப் படிவம் நிரப்பிய நாள்

பாலம்மா டீச்சருக்கு மன்னிக்கத் தெரியாது என்றில்லை. நாவலப்பிட்டியில் படிப்பித்த பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் சேட்டையைப் பொறுத்துப் போயிருக்கிறாள். ராஜலிங்கத்தை மட்டும் அவள் விடுவதாயில்லை.

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த வேலாயியின் மகள் அவள். தொழிலாளர் குடியிருந்த அந்த லயத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். மலையும் மரங்களுமாகப் பரந்து கிடந்த பெரிய கம்பஸ் அது. போன முதல் வாரமே சீனியர் ராஜலிங்கம் புத்தகப் பையின் வாரைக் கொழுந்துக் கூடைக் கயிறு மாதிரி அவள் தலையில் மாட்டச் சொன்னான். "எங்க, கொழுந்து பறிச்சுக் காட்டு பாப்போம்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா பொழப்பு ஒங்களுக்கு வேடிக்கையா? முடியாது."

அவ்வளவுதான். பகிடிவதைக்குப் பணியாதவளோடு யாரும் பேசக் கூடாது என்று அவன் சொல்லிவிட்டான். அவளோடு சேர்ந்த பெட்ச் முழுக்க அவன் சொன்னபடி கேட்டது. ஒரு நாளா, இரண்டு நாளா? நான்கு வருஷம்! விடுதி, கன்டீன், நூலகம் எல்லாம் ஒரே வளவுக்குள். பல் துலக்கப் போனாலும் அதே முகங்கள்தான். அவள் போய் உட்கார்ந்தால் பக்கத்துக் கதிரைகள் காலியாகும். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லையே, பாவிகள்!

தெல்தோட்டைத் தோழி ஹிதாயா கொழும்பில் படித்தாள். அங்கிருந்து எழுதுவாள்: "இங்க நாலு மணியாச்சுன்டா எல்லாரும் பஸ் ஏறிப் போயிருவாங்க. பக்கத்துல ஈக்கிறவட பேரும் எனக்குத் தெரியா. ஒனக்கென்ன, கூட்டாளிமாரோட ஒரே கும்மாளமா ஈக்கும்." படித்துவிட்டுப் பாலம்மா அழுதாள். யாரும் யாரையும் கண்டுகொள்ளாத அந்த ஊர் அவளுக்குச் சொர்க்கமாகத் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஏ.எல். பரீட்சை பாஸான மகளைக் கூட்டிக்கொண்டு அதே ராஜலிங்கம் பாடசாலைக்கு வந்தான். பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவுவது பாலம்மாவின் பொறுப்பு.

"அட, நம்ம பாலா! கம்பஸ்ல நாங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிம்மா," என்று மகளிடம் பல்லைக் காட்டினான். நடிப்பில்லை. செய்ததை உண்மையிலேயே மறந்திருந்தான். "இவ கொழும்புக்குத்தான் போவேன்னு அடம் பிடிக்கிறா. அங்க என்னா இருக்கு? படிப்பாங்க, பஸ் ஏறுவாங்க. சிநேகிதம்னா எங்க கம்பஸ்தான். நீங்களே சொல்லுங்க டீச்சர்."

பாலம்மா படிவத்தை இழுத்து முன்னால் வைத்தாள். இவன் மகளையும் அங்கேயே அனுப்பி, நான்கு வருஷம் தனியாகச் சோறு தின்ன வைத்தால் என்ன? ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. சீ, பிள்ளை என்ன பாவம் செய்தது? அடி விழ வேண்டியது அப்பன் முதுகில்.

"சொல்றேன்," என்றாள். அந்த முதல் வாரத்திலிருந்து காய்ச்சல் வரை ஒன்றுவிடாமல் மகளிடம் சொன்னாள்.

"அது... சும்மா பகிடிக்கு..." ராஜலிங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

மகள் அவனையே பார்த்தாள். "ஏம்ப்பா, ஒங்கம்மாவும் மலையில கொழுந்து பறிச்சுத்தானே ஒங்கள படிக்க வச்சாங்க?"

பாலம்மாவுக்கு அது தெரியாது. டவுன்காரன் என்றல்லவா அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்! நன்றாக வேண்டும். அவள் மனம் குளிர்ந்தது, கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"என்னைய மன்னிச்சிருங்க பாலா," என்று எழுந்தான்.

"மாட்டேன், ராஜலிங்கம். பிள்ளைக்குப் படிவம் நிரப்பணும். நீங்க வெளிய நில்லுங்க."

அவன் போனான். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.