வளைகாப்புக்குச் செய்த காகிதம்

வேண்டாத காகிதத்தைக் கிழித்து, ஊறவைத்து, அரைத்து, மறுபடியும் காகிதமாக்கும் வேலையை ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். குறுவை அறுப்பு முடிந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. மிக்சியில் காகிதத்தைப் போட்டு அரைக்கிறாளே என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். பழைய போட்டோ சட்டத்தில் கொசுவலையை இழுத்து ஆணி அடித்து, கூழ் கரைத்த தண்ணீரில் முக்கித் தூக்கினால் வலைமேல் மெல்லிசாக ஒரு ஏடு படியும். அதைப் பழைய வேட்டியில் கவிழ்த்து, தண்ணீர் போக அழுத்தி, காயவிட வேண்டும். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் அழுக்கு அப்பளம் மாதிரிதான் இருந்தது.

நல்ல காகிதம் வேண்டுமானால் உள்ளே போவதும் நல்ல காகிதமாக இருக்கவேண்டும். தேடிக்கொண்டிருந்தபோது, வயலில் பம்புசெட்டு அறையில் ஒரு கட்டு கண்ணில் பட்டது. போன வருஷம் மாமனார் கருமாதிக்கு அச்சடித்து மிஞ்சிய பத்திரிகைகள். எங்கள் பக்கம் கருமாதிப் பத்திரிகையைப் படித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்கவே மாட்டார்கள். அதனால்தான் அந்தக் கட்டு வயலில் கிடந்தது. தடித்த, வெள்ளை வெளேரென்ற காகிதம். கூழான பிறகு யாருக்குத் தெரியப்போகிறது? அள்ளிக்கொண்டு வந்து, வீட்டில் இருந்த சில கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்த்து அரைத்தேன். மஞ்சள் தண்ணீர் கொஞ்சம், செவ்வந்தி இதழ் கொஞ்சம். அடேயப்பா, காய்ந்ததும் என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது!

பக்கத்து வீடு என் ஓரகத்தி வீடு. கணவரின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவர். அவர் மகள் இரண்டு முறை கரு கலைந்தபின், இப்போதுதான் ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்த ஓரகத்தி காகிதத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“ஏன்டி, பாப்பா வளைகாப்புக்கு இதுலயே பத்திரிகை எழுதிடலாமா? இதுல என்னெல்லாம் போட்டு அரைச்ச?”

“கல்யாணப் பத்திரிகைதான்க்கா.”

பாராட்டுக்கு அலைந்த வாய், முந்திக்கொண்டது. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்கவேண்டும்.

“நல்லதாப் போச்சு. எல்லாத்தையும் அவளுக்குப் பாத்துப் பாத்துதான் செய்றேன்டி.”

எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருக்கு உண்டு. மகளுக்குக் கரு தங்கிய நாளிலிருந்து எந்தச் சாவு வீட்டுப் படியும் மிதிக்காதவர். சொந்தச் சித்தப்பா செத்ததற்கே போகாமல், ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டவர். அந்த மனுஷி கையில்தான் கருமாதிப் பத்திரிகையை மஞ்சள் பூசிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் உண்மையைச் சொல்லிவிட்டு வேறு செய்து தரலாம் என்று எழுந்ததும் ஓடினேன். அதற்குள் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, முதல் பத்திரிகையை நன்னிலத்துச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். மீதியை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “எழுத்து நல்லா இருக்கா பாரு” என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

வளைகாப்பு நன்னிலத்தில் நடந்தது. “எல்லாம் கல்யாணப் பத்திரிகையில செஞ்சது, என் ஓரகத்தி கைவேலை” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சம்பந்தியம்மா பத்திரிகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு எங்காவது எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. என் முறை வந்தபோது பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், மணிக்கட்டை மட்டும் பார்த்து வளையல் போட்டேன்.

பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு காரில் திரும்பினோம். ஓரகத்தி முன் சீட்டில் கண்ணயர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண், பையைத் திறந்து என் காகிதம் ஒன்றைக் காட்டினாள்.

“தலகாணிக்கு அடியில வச்சிருந்தேன் சித்தி. ரெண்டு தடவ அப்படி ஆனதுலேருந்து படுத்தாலே பயம். இது கல்யாணப் பத்திரிகையில செஞ்சதுன்னு அம்மா சொன்னாங்கள்ல, அதுலேருந்துதான் தூங்குறேன்.”

“நல்லாத் தூங்கும்மா” என்றேன். இனி அவளிடம் உண்மையைச் சொல்லவும் எனக்கு வழியில்லை.