பள்ளக்காணிக்கு வரைந்த படம்

வெள்ளவத்தை வாய்க்காலுக்குப் பக்கத்தில் அந்த நாளில் நாலு ஏக்கர் பள்ளக்காணி இருந்தது. மழைக்குத் தண்ணீர் நிற்கும். வெயிலுக்குப் புல் முளைக்கும். சனம் கங்குன் கீரை பிடுங்கும், கொக்கு வந்து நிற்கும். கரையோர ரயிலின் சத்தம் தடையில்லாமல் அதைத் தாண்டி வந்து கிளெமென்றின் வீட்டுக்குள் நுழையும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் நேரம் சொல்லுவார். அநேகமாகச் சரியாக இருக்கும்.

அவர் அரசாங்க நகரத் திட்டக் கந்தோரில் படவரைஞர். வலது கைப் பெருவிரலில் எப்போதும் மைக்கறை. ஞாயிறு பூசைக்குப் போகும்போதும் போகாது. நகரத் திட்டச் சட்டத்தின் கீழ் அந்தக் காணி மழைநீர் தங்கும் வெற்றுநிலமாக ஒதுக்கப்பட்டபோது, கந்தோர்ப் படத்தில் அதற்குப் பச்சை பூசியவர் அவர்தான்.

1947 மார்ச்சில் ஒரு கொம்பனி அதை நிரப்பி நாற்பத்தெட்டு வீடு கட்ட அனுமதி கேட்டது. வேலியில் அறிவித்தல் தொங்கியது. ஆட்சேபணைக்கு இருபத்தொரு நாள்.

பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று கிளெமென்றுக்குத் தெரியும். அவருடைய வீடு இருக்கிற ஒழுங்கைக்கு வரும். பன்னிரண்டு வீடுகளில் முழங்காலளவு நிற்கும். ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் சொந்தக் கந்தோருக்கு வந்த விண்ணப்பத்தை எதிர்த்து எழுதினால் உத்தியோகமும் போகும், பென்சனும் போகும்.

“நீங்கள் எழுதேலாது. நான் எழுதலாம்தானே?” என்றார் மனைவி செலீன்.

“உமக்கு நில மட்டம் பார்க்கத் தெரியுமோ?”

“இருபது வருஷம் உங்களோட குடும்பம் நடத்தினனான். மட்டம் தெரியாமல் இருக்குமே?”

மூன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் கிளெமென்ற் படம் கீறினார். நில மட்டங்கள், வாய்க்கால் கரை, பன்னிரண்டு வீட்டு வாசற்படி உயரம். ஆட்சேபணைக் கடிதம் படத்தோடு செலீனின் பெயரில், செலீனின் கையெழுத்தில் போனது.

ஏப்ரல் கடைசியில் விசாரணை. கொம்பனிக்காக வாதாட வந்த அப்புக்காத்து தமிழர். செலீனைப் பார்த்துப் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“இது அம்மா கீறினதோ?”

“இல்லை.”

“அப்ப ஆர்?”

அப்புக்காத்து படத்தின் வலது மூலையில் விரலை வைத்தார். அங்கே சின்னதாக இரண்டு எழுத்து, ஒரு திகதி. இருபத்திரண்டு வருஷமாகத் தன் பெயரின் முதலெழுத்துப் போடாமல் கிளெமென்ற் ஒரு படத்தையும் மேசையிலிருந்து எடுத்ததில்லை. அந்தக் கைப்பழக்கத்தில் இதிலும் போட்டிருக்கிறார் என்று செலீனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“கீறியவர் வந்திருக்கிறாரா?” விசாரணைத் துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

பின் வரிசை வாங்கிலிருந்து கிளெமென்ற் எழும்பினார். “நான்தான், சேர், கந்தோர்ப் படவரைஞன். மட்டங்கள் சரி.”

“கந்தோருக்குள்ளேயே கள்ளன்!” என்றார் அப்புக்காத்து.

துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “ஆள் தெரியாத படத்தை நான் ஏற்க முடியாது. இதற்கு ஆள் இருக்கிறார். ஏற்கிறேன்.”

ஜூனில் முடிவு வந்தது: வீடு கட்ட அனுமதியில்லை, காணி வெற்றுநிலமாகவே இருக்கும். அந்தக் கிழமைக்குள்ளேயே கந்தோரிலிருந்து கிளெமென்றுக்கு ஒரு கடிதம். வரைமேசையிலிருந்து நீக்கி, பழைய படங்களைக் கட்டி வைக்கிற அறைக்கு மாற்றம். பென்சன் தப்பியது. அதன் பிறகு சாகும்வரை அவர் ஒரு கோடும் கீறவில்லை.

செலீனிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒக்ரோபர் மழைவரை பொறுத்தார். அன்று பள்ளம் தளும்பிக் கிடந்தது. ஒழுங்கையில் தண்ணீர் ஏறவில்லை. இருவரும் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார்கள்.

“அந்த எழுத்து மறதியாய்ப் போட்டதுதானே?”

“போட்டது மறதியாய்த்தான்.”

“பிறகு?”

“மை காய முன்னமே கண்டனான். மை சுரண்டுற பிளேட்டும் பக்கத்திலதான் கிடந்தது.”

“சுரண்டியிருந்தால் உங்கட மேசை மிஞ்சியிருக்குமே!”

“ஓம். மேசை மிஞ்சியிருக்கும். ஆனா படம் வெறும் கடுதாசியாய்ப் போயிருக்கும், செலீன். கீறினவன் பேர் இல்லாத மட்டத்தை ஆர் நம்புவான்? நானே நம்பமாட்டன்.”

“விசர் பிடிச்ச மனுசன்,” என்று சொல்லிவிட்டு, தன் கதிரையை அவருடைய கதிரையோடு ஒட்டி இழுத்துப் போட்டார் செலீன்.