பதினெட்டு என்று போட்ட போத்தல்

ஆரணி, கவின், உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் கொடுங்கள். பெரியப்பா வீட்டுக்குப் போய்வந்தால் ஜாக்கெட்டைப் பல்கனியில் தொங்கவிடுவீர்கள். பிறகு போவதையே குறைத்துவிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அந்தச் சிகரெட் மணம் எனக்கும் பிடிக்காது. ஆனால் கடைசி இரண்டு வருடம் அந்த வீட்டில் அந்த மணம் இல்லை. அது உங்களுக்குத் தெரியாது. வேறு வீடுகளிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவர்களும் வாசிக்கட்டும்.

முதல் அறிகுறி இருமல் அல்ல. இருமல் அவருக்கு எப்போதும் இருந்தது. டோர்ட்மண்டில் அவருடைய வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. முதலாம் மாடிச் சுவரில் வீட்டு விதிகளும் படி கழுவும் முறையும் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். ஒருநாள் அரிசி மூட்டையோடு நான் பின்னால் ஏறியபோது அண்ணை (உங்கள் பெரியப்பா) அதன் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமையும் வாசித்தார்.

"என்ன அண்ணை, இவ்வளவு வருசமாய் வாசிக்காத சாமான்?"

"சட்டம் கிட்டம் மாத்தியிருப்பாங்களோ எண்டு பாக்கிறன். நீ முன்னுக்குப் போ."

அந்த ஜேர்மன் மொழியில் பாதி அவருக்கு விளங்காது. மூச்சு வாங்கத்தான் நின்றார். எனக்கு அது பிடிபட இரண்டு மாதம் எடுத்தது.

நுரையீரல் மருத்துவரிடம் டெர்மின் (சந்திக்கும் நாள்) கிடைத்தபோது குளிர்காலம் வந்துவிட்டது. குழாயில் ஊதச் சொன்னார்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (மூச்சுக்குழாய்கள் ஒடுங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர மாட்டாத நிலை) என்றார் மருத்துவர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சிகரெட்டை விட வேண்டும் என்றார்.

பெரியப்பா ஊரில் சிகரெட் தொட்டவர் அல்ல. இங்கே உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியபோது பழகினார். அங்கே புகை பத்துகிறவனுக்கு மட்டும்தான் இடைவேளை. பத்தாதவன் ஐந்து நிமிடம் சுவரில் சாய்ந்தால் சும்மா நிற்கிறான் என்பார்கள். பின்கதவடியில் சிகரெட்டோடு நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள், பக்கத்தில் நிற்கிறவன் இரண்டு கதையும் சொல்வான். கல்யாணம் கட்டாத மனிதர். நாள் முழுக்க அவரோடு யாராவது பேசினார்கள் என்றால் அந்தக் கதவடியில்தான்.

ஒட்டும் மருந்து (தோல் வழியாக நிக்கோட்டின் கொடுப்பது) அவருக்குக் கொப்பளம் போட்டது. மெல்லும் மருந்து கட்டுப்பல்லில் ஒட்டியது. வேறு வழியில்லை என்றால் மின் சிகரெட்டுக்கு (திரவத்தைச் சூடாக்கி, வரும் ஆவியை இழுக்கும் கருவி) முழுதாக மாறட்டும் என்றார் மருத்துவர். "இது மருந்து இல்லை, கேடில்லாததும் இல்லை. ஆனால் எரிக்கும் புகையைவிடக் கேடு குறைவு. இரண்டையும் சேர்த்து இழுத்தால் பயனில்லை. நிக்கோட்டினை (பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள்) அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள்." எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டேன். கடைசி வசனம் மட்டும் என்னிடம் தங்கவில்லை.

"உது என்னடா, பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானோ?"

"இழுத்துப் பாருங்கோ அண்ணை."

இழுத்தார். இருமினார். கண்ணைத் துடைத்தார். "ஆவி பிடிக்கிற மாதிரிக் கிடக்கு. தடிமனுக்கு நல்லம்."

ஞாயிறு தோறும் மூன்று மணிக்குப் போவேன். அவருக்குக் கை நடுக்கம், திரவம் ஊற்றும் துளையோ சின்னது. நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். ஐந்து கிழமை ஒரு சிகரெட்டும் இல்லை. சுவரில் இருந்த தாளை வாசிக்கும் நேரமும் குறைந்தது.

அங்கேதான் எனக்கு அவசரம் பிடித்தது. புகை போனது, நிக்கோட்டினும் போகட்டும் என்று நினைத்தேன். போத்தலில் நிக்கோட்டின் அளவு பதினெட்டு என்று போட்டிருக்கும். கடையில் பூச்சியம் போட்டதும் இருந்தது. பெரிய கலனிலிருந்து சின்னப் போத்தலுக்குச் சோஸ் ஊற்றுவது உணவகத்தில் என் அன்றாட வேலை. கைக்குப் பழகிய காரியம். பதினெட்டை வெறுமையாக்கி, அதே போத்தலில் பூச்சியத்தை ஊற்றினேன். அவரிடம் சொல்லவில்லை.

அவருக்கு நித்திரை போனது. தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. "எனக்கு வேற ஏதோ வருத்தம் வந்திட்டுது, தம்பி. உடம்பு என்ர சொல்லுக் கேக்குதில்லை," என்றார். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் கிழமை வைத்தியசாலையிலிருந்து அழைத்தார்கள். நிலக்கீழ் அறையில் மூச்சடைத்து விழுந்து கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து அம்புலன்ஸை அழைத்திருக்கிறார். ஜாக்கெட் பையில் புதுப் பெட்டி, இரண்டு சிகரெட் குறைந்திருந்தது. எங்கள் ஆட்களில் தம்பிதான் அண்ணனுக்கு ஒளித்துப் பத்துவான். அண்ணை எனக்கு ஒளித்து மூன்று மாடி இறங்கியிருக்கிறார்.

மூக்கில் ஒட்சிசன் குழாயோடு படுத்திருந்தவரிடம் போத்தலில் பூச்சியத்தை ஊற்றியதைச் சொன்னேன்.

"அது வெறும் தண்ணியோ?"

"ஓம் அண்ணை."

"நான் சாகப்போறன் எண்டெல்லே நினைச்சனான். நீ முன்னால இருந்து பாத்துக்கொண்டு இருந்தனி."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பதினாறு நாள் என் போனை எடுக்கவில்லை. பதினேழாம் நாள் அவரே அழைத்தார்.

"வா. ஆனா நீ ஊத்தக் கூடாது."

அதற்குப் பிறகு அவரேதான் ஊற்றினார். முதலில் போத்தலை என் முகத்துக்கு நேரே பிடிப்பார்.

"பதினெட்டு எண்டு போட்டிருக்கு. பாத்தியோ?"

"ஓம் அண்ணை."

"கள்ளன்."

பிறகு நடுங்கி நடுங்கி ஊற்றுவார். பாதி மேசை விரிப்பில் போகும். நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பார்த்திருப்பேன். உதவாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் அறிந்தேன். அந்தக் "கள்ளன்" இரண்டு வருடத்தில் மெல்ல மெல்லச் செல்லப் பெயராகியது என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

அவர் பிறகு சிகரெட் தொடவில்லை. சில மாதம் இரண்டாம் மாடிவரை நிற்காமல் ஏறினார். ஆனால் பின்கதவும் இல்லை, பக்கத்தில் நின்று கதைக்கிறவனும் இல்லை. சோபாவில் இருந்து தனியே இழுத்தார். அதற்கு நான் மாற்று எதுவும் கொடுக்கவில்லை. போன இலையுதிர்காலத்தில் நியூமோனியா (நுரையீரலில் கிருமி பரவுவது) வந்தது. பழைய சேதம் தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

இதே நிலையில் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிக்கோட்டினைக் குறைப்பதென்றால் மருத்துவரைக் கேட்டு, நோயாளிக்கும் சொல்லிக் குறையுங்கள். அவருக்கு உடம்பே சொல்லுக் கேட்பதில்லை, அதோடு நாமும் பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூட வாசலில் பழவாசனையோடு திரிகிறதும் இதே சாமான்தான். அது சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு, தொடங்குவதற்கல்ல. தொடாதீர்கள்.

இப்போது என் மூச்சை நானே எண்ணிப் பார்க்கிறேன். எங்கே படி ஏறினாலும் முதலாம் மாடியில் கால் தானாக நிற்கிறது. ஞாயிறு மூன்று மணிக்கு உடம்பு எழும்பிவிடும், போக இடமில்லை.

அவர் வீட்டுத் திறப்பை (சாவியை) ஒப்படைக்கும் நாளன்று தனியே போனேன். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம், படிப்பு என்று இருந்தீர்கள். சாமான் எல்லாம் எடுத்தாயிற்று. ஜன்னல் விளிம்பில் அந்தக் கருவியும் பாதிப் போத்தலும் இருந்தன. கருவியைக் கழுவித் துடைத்தேன். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.

"பதினெட்டு எண்டு போட்டிருக்கு," என்று சத்தமாக வாசித்தேன். வெறும் வீடு, குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. பிறகு கருவியில் கோடுவரை ஊற்றி, மூடியை இறுக்கினேன். ஒரு துளியும் சிந்தவில்லை.