கோழிக்கும் அதே சொல்

மார்கழிச் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம், தூறல். யுத்த காலம். பூந்தமல்லியில் ஒரு ஸ்பெயின் பாதிரியாருக்கு நான் தமிழ் கற்பித்து வந்தேன். அந்தி சாய்ந்தால் அவர் பூட்டோடு தோட்டத்துக் கொட்டகைக்குப் போவார். எதற்கென்று கேட்டால், தமிழ்ச் சொல் தெரியாமல் "என்செர்ரார்" என்பார். அவருடைய அகராதியில் பார்த்தேன்: சிறைவைத்தல். சமையல்காரி குப்பம்மாளையோ இரண்டு நாளாகக் காணோம். சந்தேகம் முற்றி, அன்று அவர் ஜெபத்துக்குப் போனதும் பூட்டை உடைத்தேன். ஏழு கோழிகள் என் காலிடுக்கில் பாய்ந்து இருட்டில் மறைந்தன.

"இன்னா வாத்யாரே!" பின்னால் குப்பம்மாள் நின்றாள். "வானகரத்துல ஆத்தா ஊட்டுக்குப் போய்கினு வந்தா, கொட்டாய ஒடச்சிகினு நிக்கிறே! பொயுது சாஞ்சா கோயிய அடைக்க மாட்டாங்களா?"

அடைத்தல். கைதிக்கும் கோழிக்கும் தமிழிலும் அதே சொல்தான். கற்பிக்க வந்த எனக்குத்தான் கைதி மட்டும் நினைவுக்கு வந்தான். பாதிரியார் சிரித்து மன்னித்தார். கோழிகள் குப்பம்மாளுடையவை, அவள் மன்னிக்கவில்லை. பூட்டையும் சேர்த்து ஐந்து ரூபாய் பத்தணா.