பன்னிரண்டரை மணிக்குக் கத்தும் இன்வர்ட்டர்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன் கையில் அதிகாரத்தைக் கொடுக்கவே கூடாது. ராஜபாளையத்தில் எங்கள் காம்பவுண்டுக்காரர்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். நான்கு வீட்டுக்கும் பொதுவாக மொட்டை மாடியில் சோலார் போட்டு, சின்னதாக ஒரு பேட்டரியும் வைத்து, பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

உச்சி வெயிலில்தான் கரண்ட் ஏகமாக வரும். அதைச் சேர்த்து வைக்கப் பேட்டரிக்குக் கொள்ளளவு போதாது. வரும்போதே செலவழித்துவிட வேண்டும். அதற்கு ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பதினொரு மணிக்கு எல்லா வீட்டு வாஷிங் மெஷினும். பன்னிரண்டுக்கு, மாவு விற்கும் பின்வீட்டுத் தங்கச்சியின் பெரிய கிரைண்டர். அந்த நேரத்தில் அயர்ன் பாக்ஸுக்குத் தடை.

"ஏங்க, மூச்சு விடுறதுக்கு எத்தன மணி?" என்றாள் என் வீட்டுக்காரி.

ஆனாலும் தினமும் பன்னிரண்டரை வாக்கில் லோடு கூடி, இன்வர்ட்டர் கீகீயென்று கத்திவிட்டு அணைந்தது. யாரோ திருட்டுத்தனமாக எதையோ போடுகிறார்கள்! வீடு வீடாகச் சோதனைக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டு அயர்ன் பாக்ஸையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சில்லென்றிருந்தன. என் சந்தேகம் மட்டும் ஆறவில்லை. அவ்வப்போது ஈபி லைனுக்கு மாற்றிச் சமாளித்தோம்.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தது. சாயங்காலம் வரை ஈபி கிடையாது. அன்றைக்கென்று பார்த்துத் தங்கச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண வீட்டிலிருந்து ஆர்டர். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது. மத்தியானம் அரைத்து வைத்தால்தான் மறுநாள் காலைப் பந்திக்கு மாவு புளிக்கும்.

"அண்ணாச்சி, உங்கள நம்பித்தான் இம்புட்டு உளுந்தையும் ஊறப் போட்டிருக்கேன்."

"போம்மா, நான் இருக்கேன்ல."

பன்னிரண்டரை. கீகீ. பாதி உளுந்தோடு கிரைண்டர் நின்றது.

"எவம்லே போட்டது?" என்று படியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கத்தாதீங்க. தண்ணி மோட்டார தொட்டுப் பாருங்க" என்றாள் வீட்டுக்காரி.

தொட்டேன். சுட்டது. பதினொரு மணிக்கு நான்கு மெஷினும் ஓடினால் மாடித் தொட்டியில் தண்ணீர் எப்படி நிற்கும்? தொட்டி குறைந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி கருவி மாட்டியவன் யார்? நானேதான். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்த என் அட்டவணையில் மோட்டாருக்கு மட்டும் இடமில்லை. வெட்கத்தில் செத்தே போனேன்.

நான்கு வீட்டாரும் வரிசையாக வந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

கருவியின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்வர்ட்டரை உசுப்பினேன். கிரைண்டர் சுற்றியது. அந்த நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தேன். என்னைக் கேட்காமலே மற்ற வீட்டுக்காரர்களும் அணைத்தார்கள். காம்பவுண்டே வேர்த்து வடிய, கிரைண்டர் மட்டும் ஓடியது. நான் மோட்டார் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்குத் தங்கச்சி அரைத்து முடித்து, கையெல்லாம் மாவோடு வந்தாள். சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு நான் எழுதுதேன், அண்ணாச்சி. நீங்க செத்த நேரம் படுங்க."